வயலிற் காணும் கபிலத் திட்டுகள்

காலபோகப் பயிர் குடலை கட்டுங் காலத்தில் வரம்பில் நின்று வயலைப் பார்க்குங் கமக்காரர் சிலவேளை திடுக்கிட நேர்கின்றது. பச்சைப்பசேலென நிற்கும் பயிரின் நடுவே, பாயொன்றை விரித்தாற்போல, ஓரிடம் மட்டும் கபில நிறமாய்க் காய்ந்து கிடக்கும். அதனைக் கண்டவர் பெரும்பாலும் நேரே மருந்துக் கடைக்குச் செல்கின்றார். கடைக்காரர் கொடுப்பதை வாங்கி அன்று மாலையே தெளிக்கின்றார். ஒரு கிழமை கழிந்தபின், "ஐயா, இரண்டு முறை அடித்துவிட்டேன், இன்னும் எரிந்துகொண்டே போகிறதே" என்று விவசாயப் போதனாசிரியரிடம் முறையிடுகின்றார். அதற்கிடையில் மருந்துக்குக் கொடுத்த பணமும் போய்விடுகின்றது; திட்டும் இருமடங்காகி விடுகின்றது.

பயிர் கபில நிறமடைதல் பல கேடுகளுக்குப் பொதுவான ஓர் அடையாளமாகும். தத்தி எரித்தாலும், உவர் சுட்டாலும், நீர் போதாவிட்டாலும், பங்கசு பற்றினாலும், களைகொல்லி மிகினாலும் நெற்பயிர் இறுதியில் ஒரே நிறத்தையே அடைகின்றது. ஆனால் இவற்றின் பரிகாரங்கள் ஒன்றுக்கொன்று மாறானவை. தத்தி விழுந்த வயலில் நீரை வடித்தல் வேண்டும்; உவர் ஏறிய வயலில் நீரை வடித்துக் காயவிட்டால் உள்ள பயிரும் கருகும். உவர் வயலில் நீரைத் தேக்கினால் பயிர் பிழைக்கும்; தத்தி வயலில் அவ்வாறு செய்தால் தத்தி பெருகும். ஆதலால் எது காரணம் எனத் துணியாமல் செய்யும் பரிகாரம், பரிகாரமின்றி விடுதலினுங் கூடிய தீங்கைத் தரலாம்.

மன்னார் மாவட்டத்திலே இவ்வாராய்ச்சி சற்றுக் கூடுதலாக வேண்டப்படுகின்றது. இங்குள்ள நெற்காணிகளிற் பெரும்பகுதி தலைநிலத்திலே அமைந்துள்ளது. அருவி ஆற்றின் நீரைத் தேக்கத்தில் மறித்து வாய்க்கால் வழியே கொண்டுசென்று நிரப்பும் கட்டுக்கரைக்குளத்தின் கீழும், முசலிப் பகுதியில் அகத்திமுறிப்பு முதலிய குளங்களின் கீழும் வயல்கள் பரந்து கிடக்கின்றன. முருங்கனைச் சூழ்ந்த நிலம் கருங்களி மண். ஈரத்திற் பசைபோல ஒட்டும் இம்மண் காய்ந்தாற் பாளம் பாளமாய் வெடிக்கும். கடலை நோக்கிச் செல்லச் செல்ல நிலந் தாழ்ந்து உவர் தலைகாட்டுகின்றது. தீவிலோ மணல் நிலமும் கிணற்று நீரும் காய்கறித் தோட்டங்களுமே உள்ளன. சில கட்டை தூரத்துள் இத்தனை வேறுபாடு இருப்பதால், நானாட்டானில் ஒருவருக்குப் பலித்த வைத்தியம் கரையோரக் காணியில் பலிக்கும் என எதிர்பார்த்தல் தவறாகும்.

முதலில் திட்டின் வடிவத்தையும் அது தோன்றிய இடத்தையும் நோக்குக. வயலின் நடுவே, பயிர் மிக அடர்ந்து செழித்த இடத்தில், வட்டமாய்த் தொடங்கி நாளுக்கு நாள் வெளிப்புறமாக விரிவது பெரும்பாலும் தத்தியின் வேலை. சென்ற ஆண்டும் அதற்கு முந்திய ஆண்டும் அதே இடத்திற் பயிர் தேயக் கண்டிருப்பின், பூச்சியை விட்டு மண்ணைச் சந்தேகிக்க வேண்டும். பூச்சி ஆண்டுதோறும் ஒரே மூலையைத் தேடி வருவதில்லை. மேட்டுப்பாங்கான இடத்திற் காய்ந்தால் நிலம் மட்டப்படுத்தப்படாமையே காரணமாகலாம். திட்டு நேர்கோடாக, தெளிகருவி சுமந்து நடந்த வழியே கிடந்தால், அது களைகொல்லி இரட்டையாய் விழுந்த இடம். நீரிறைக்கும் இயந்திரம் வைத்த மூலையிற் கருகியிருந்தால் அங்கே எண்ணெய் சிந்தியதா எனப் பார்க்க. இவற்றை அறிய ஒரு சதமும் செலவில்லை.

இரண்டாவதாக, திட்டின் நடுவே போய் நிற்பதாற் பயனில்லை. அங்கே பயிர் செத்துவிட்டது, எரித்தவனும் அகன்றுவிட்டான். பச்சையும் மஞ்சளும் கலந்து நிற்கும் ஓரத்துக்குச் செல்லுக. குனிந்து, பயிரை இரு கைகளாலும் பிரித்து, நீர்மட்டத்துக்குச் சற்று மேலேயுள்ள அடித்தண்டைப் பார்க்க. பின் தூரைக் கையால் இரண்டு மூன்று முறை தட்டுக. சிறிய கபில நிறப் பூச்சிகள் நீரில் விழுந்து பக்கவாட்டில் நகர்ந்து மீண்டும் தண்டில் ஏறுமாயின், பல பகுதிகளில் அறக்கொட்டியான் என வழங்கும் கபில நிறத் தத்தி வந்துவிட்டது என அறியலாம். நீரின்மேல் வெண்ணிறத் தோல்கள் மிதத்தலும், அடித்தண்டு பிசுபிசுத்துக் கரிபூசினாற்போற் கறுத்தலும் அதற்குத் துணைச்சான்றுகளாம். வரம்பிலிருந்து பார்ப்பவருக்கு இவற்றுள் ஒன்றுந் தெரியாது. இலையின் நுனி பச்சையாயிருக்க அடியிலே ஆயிரக்கணக்கிற் பூச்சிகள் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

இத்தத்தியின் வாழ்க்கையைச் சற்று விரிவாக அறிதல் நன்று. முதிர்ந்த பூச்சி 3 முதல் 4 மில்லிமீற்றர் நீளமுடையது. பெண் தத்தி இலைமடலைக் கீறி உள்ளே முட்டையிடும். ஒன்று தன் வாழ்நாளில் ஏறக்குறைய 200 முதல் 300 முட்டைகள் வரை இடக்கூடும். ஏழு முதல் ஒன்பது நாட்களிற் குஞ்சு வெளிப்படும். அது ஐந்து முறை தோலுரித்து இரண்டு கிழமைக்குள் முதிர்ச்சியடையும். எனவே ஏறக்குறைய 25 நாட்களுக்கு ஒரு தலைமுறை எனக் கணக்கிட்டுக்கொள்ளலாம். உணவு செழிப்பாயுள்ளபோது குறுஞ்சிறகுடைய தத்திகளே மிகுதியாகத் தோன்றும். அவை பறவாமல் அங்கேயே தங்கி இனத்தைப் பெருக்கும். இடம் நெருங்கிப் பயிர் முதிர்ந்ததும் நெடுஞ்சிறகுடையவை தோன்றி அடுத்த வயலுக்குப் பறந்து செல்லும். அயலவர் வயலில் எரிவு கண்டால் அதனை அவர் பாடு என விட்டுவிடலாகாது என்பதற்கு இதுவே காரணம். அன்றியும், சாற்றை உறிஞ்சுவதோடு நில்லாமல், பயிரைக் குறுகச் செய்யும் நச்சுயிர் நோய்களையும் இப்பூச்சி பரப்புகின்றது.

இனி, தத்தி ஏன் ஒருவர் வயலிற் பெருகி மற்றவர் வயலிற் பெருகாதிருக்கின்றது? விடை பெரும்பாலும் கமக்காரரின் கையிலேயே உள்ளது. ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் போதியதாயிருக்க, முளைக்குமோ முளையாதோ என்ற ஐயத்தால் மூன்று, நான்கு புசல் வரை வீசுவோர் பலர். பயிர் நெருங்கி வளர்ந்து அடியிற் காற்றும் வெயிலும் புகாது புழுங்கும். தத்திக்கு அதனிலும் உகந்த வீடு வேறில்லை. அதன்மேல் யூரியாவை ஒரே முறையில் அள்ளி வீசினால் தண்டு மென்மையாகிச் சாறு இனிக்கும். கருநீலப் பச்சையாய்ப் பக்கத்து வயலை விஞ்சி நிற்கும் பயிரைக் கண்டு பெருமைப்படுவோர், தைமாதத்தில் முதலில் எரிவதும் அத்தகைய பயிரே என்பதை நினைவிற்கொள்வாராக. யூரியாவைச் சிபாரிசு செய்யப்பட்ட அளவில், பயிரின் பருவமறிந்து, பகுதி பகுதியாக இடல் வேண்டும்.

மூன்றாவது காரணம் மருந்தே என்றாற் சிலர் நம்பமாட்டார். வயலில் ஓநாய்ச் சிலந்தி என்றொரு சிலந்தி உண்டு. வலை பின்னாது தூருக்குத் தூர் ஓடித் தத்தியைப் பிடித்துத் தின்னும். ஒரு நாளில் ஐந்து முதற் பதினைந்து பூச்சிகள் வரை அதற்கு இரையாகலாம். நாவாய்ப்பூச்சி இனத்தைச் சேர்ந்த பச்சை நிறச் சிறு பூச்சியொன்று தத்தியின் முட்டைகளைத் தேடிக் குத்தி உறிஞ்சுகின்றது. விதைத்து ஒரு மாதத்துள் இலைசுருட்டிப் புழுவைக் கண்டு அஞ்சி, எல்லாப் பூச்சிகளையும் கொல்லும் மருந்தைத் தெளித்தால், முதலில் மடிவன இக்காவலாளிகளே. மடலுக்குள் இருக்கும் தத்தி முட்டைகளுக்கோ ஒன்றும் நேராது. அவை பொரித்து வெளிவரும்போது தின்பாரின்றிப் பெருகுகின்றன.

இந்தோனேசியாவில் 1970ஆம் ஆண்டுகளில் நடந்தது இதுவே. அரசாங்கமே மருந்தை மலிவாக வழங்க, கமக்காரர் மேலும் மேலுந் தெளித்தனர். தத்தி அடங்காது நாட்டின் நெற்செய்கையையே உலுக்கியது. ஈற்றில் 1986ஆம் ஆண்டில் சனாதிபதியின் கட்டளையொன்றினால் 57 பூச்சிநாசினிகள் நெல்லுக்குப் பாவிக்கப்படாது தடைசெய்யப்பட்டன. வியட்நாமின் மெக்கொங் ஆற்றுப் பகுதியில் 1990ஆம் ஆண்டுகளில், விதைத்து முதல் 40 நாட்களுக்கு இலை தின்னும் புழுக்களுக்கு மருந்து தெளிக்க வேண்டாம் என்ற அறிவுரை வானொலி நாடகங்கள் மூலமும் பரப்பப்பட்டது. இளம்பயிர் சில இலைகளை இழந்தாலும் புதியவற்றை விட்டு ஈடுசெய்துகொள்ளும், விளைவு குறைவதில்லை. நம் வயல்களுக்கும் இது பொருந்தும்.

தத்தியைக் கண்டவுடன் எண்ணுதல் வேண்டும். வயலில் இருபது தூர்களையேனும் அங்குமிங்குமாகத் தட்டிப் பார்த்து, தண்டொன்றுக்கு எத்தனை எனக் கணிக்க. சிலந்தி இல்லாத வயலில் தண்டுக்கு ஒரு தத்தி என்ற அளவை எட்டினால் நடவடிக்கை தேவை. தூருக்கு ஒரு சிலந்தி வீதம் காணப்பட்டால் தண்டுக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இது தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்த அளவு. அளவு மிகாதவிடத்து நீரை மூன்று நான்கு நாட்களுக்கு வடியவிட்டு, பயிரை ஏழெட்டு அடிக்கொரு வழியாகப் பிரித்து ஒதுக்கிக் காற்றும் வெளிச்சமும் அடியிற் படச்செய்தலே போதியதாகும். முருங்கன் கருங்களியில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். மண்ணின் மேல் மயிர்போன்ற வெடிப்புத் தோன்றியவுடன் நீரை மறுபடி பாய்ச்சுக. வெடிப்பு விரிந்துவிட்டால், பின் பாய்ச்சும் நீரிற் பெரும்பகுதி வெடிப்பின் வழியே கீழிறங்கி வீணாகும்.

அளவு மிகுந்தால் மருந்து தெளிக்கத்தான் வேண்டும். அதனை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் முறையறிந்து தெளித்தல் வேண்டும். பைரெத்திரொயிட்டு வகை மருந்துகளைத் தத்திக்குத் தெளித்தலாகாது. அவை தத்தியை மேலும் பெருகச் செய்வன. இமிடாகுளோபிரிட்டு என்ற மருந்து ஒருகாலத்தில் நன்கு வேலைசெய்தது. 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலிருந்து ஆசிய நாடுகள் பலவற்றில் தத்தி அதற்கு இசைந்துவிட்டது. எனவே எதனைத் தெளிப்பது என்பதை அவ்வப்போதுள்ள சிபாரிசைக் கேட்டறிந்து செய்க. தெளிகருவியின் மூக்கைப் பயிரின் அடிக்குத் தாழ்த்திப் பிடிக்க. இலைமேற் பனிபோல விழும் மருந்து தத்தியைச் சென்றடைவதில்லை. "மருந்து பலிக்கவில்லை" என்ற முறைப்பாடுகளுட் பல இதனால் எழுவன. எரிந்த திட்டுக்குள் தெளிப்பது வீண். அதனைச் சூழ்ந்த பச்சைப் பயிரிற் சில யார் அகலத்துக்கு வளையமாய்த் தெளித்து, வயலின் பிற பகுதிகளையும் எண்ணிப் பார்த்தே மேற்கொண்டு செய்க. அறுவடைக்கு இன்னும் சில நாட்களே இருப்பின் மருந்தை விட்டு, அப்பகுதியை முந்தி அறுத்தலே இலாபம்.

எதிர்ப்புச் சக்தியுள்ள இனங்களை விதைத்தல் இவையனைத்திலும் எளிது. இதில் இலங்கைக்கு ஒரு சிறப்புண்டு. தத்தியை எதிர்க்கும் வலிய பண்புகளுள் ஒன்று நம் நாட்டுப் பழைய நெல்லாகிய ரத்து ஹீனட்டியிற் கண்டறியப்பட்டு, பிறநாட்டு ஆராய்ச்சியாளராலும் எடுத்தாளப்பட்டது. பத்தலகொடையில் உருவாக்கப்பட்ட பீ.ஜீ. 379-2 என்ற இனமும் தத்தியை எதிர்ப்பதாகும். ஆயினும் ஒரே இனத்தை ஊர் முழுவதும் ஆண்டுதோறும் விதைத்தால் தத்தி அதற்கும் பழகிவிடும். 1973ஆம் ஆண்டில் பிலிப்பைன்சில் வெளியிடப்பட்ட ஐ.ஆர். 26 என்ற இனம் சில ஆண்டுகளுக்குள்ளேயே தத்திக்கு இரையானது.

அடுத்து உவர்த்திட்டைக் கூறுவாம். இதிற் பயிர் வட்டமாய் எரியாது. ஒழுங்கற்று, அங்கங்கே வழுக்கை விழுந்தாற்போற் காணப்படும். இலைநுனி முதலில் வெளுத்துப் பின் கபிலமாகும். பயிர் குட்டையாகி மட்டம் வெடிப்பது குறையும். நீர் வற்றியதும் மேட்டிலும் வரம்போரத்திலும் வெண்பூப் போல உப்புப் படியும். அருகிலே உமரி முளைத்திருந்தால் வேறு சான்று தேவையில்லை. நெற்பயிர் இளநாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உவரைப் பொறுக்காது. இடையே மட்டம் வெடிக்கும் காலத்தில் ஓரளவு பொறுக்கும். ஆதலால் உவர்க்காணியில் நேரே விதைப்பதை விட்டு, நன்னிலத்தில் நாற்று வளர்த்து, நான்கு கிழமை முதிர்ந்த நாற்றை நடுவது நன்று. ஐப்பசி மழையின் முதல் நீரைத் தேக்கி உழுது, உப்புக் கரைந்தபின் வடிகாலில் வெளியேற்றி, மீண்டும் நன்னீர் தேக்குக. வடித்த நீரை அயலவர் வயலுக்குள் விடுதல் முறையன்று. கடற்பக்க வரம்பை உயர்த்திக் கட்டி, பயிர்க்காலத்தில் வயல் காயாது பார்த்துக்கொள்க. ஏ.ரீ. 354, ஏ.ரீ. 401 ஆகிய இனங்கள் உவரைப் பொறுப்பன. உவரால் மஞ்சளித்த பயிருக்கு யூரியா இடுவோர் உண்டு. வேர் நீரை உறிஞ்ச முடியாது தவிக்கும்போது மேலும் உரம் இடுவதாற் பயனில்லை.

தீவிலுள்ள தோட்டக்காரருக்கும் உவரே பெரும் பகை. மிளகாய், வெங்காயம், போஞ்சி முதலியவற்றின் முதிர்ந்த இலைகள் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கருகினால் கிணற்று நீரைச் சோதிக்க. தீவின் மணலுக்குள் நன்னீர், கடலுப்பு நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும். இக்கணக்கின் மறுபக்கமே அச்சந் தருவது: இயந்திரம் பூட்டி இடைவிடாது இறைத்து மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், கீழிருந்து உப்புநீர் அதனிலும் பன்மடங்கு உயரத்துக்கு மேலெழ முற்படும். ஒருமுறை உவர்த்த கிணறு மீள நல்ல மாரி சில வேண்டும். எனவே சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு இறைக்க. ஆழமான ஒரு கிணற்றிலும் ஆழங்குறைந்த இரண்டு நன்று. நீரை இலைமேல் வீசாது பாத்தியில் விட்டு, வைக்கோல் அல்லது பனையோலையால் மண்ணை மூடுக.

எப்பயிர் எவ்வளவு உவரைப் பொறுக்கும் என்பதற்கும் அளவுண்டு. மண்கரைசலின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.0 டெசிசீமனைத் தாண்டினாற் போஞ்சி தளரும், வெங்காயம் 1.2, மிளகாய் 1.5, தக்காளி 2.5, நெல் 3.0, பீற்றூட் 4.0 வரை தாங்கும். நீர் உவர்த்துவருங் காணியில் வெங்காயத்தோடு போராடுவதை விட்டுப் பீற்றூட்டுக்கு மாறுதல் விவேகம்.

நகரில் வீட்டு முற்றத்திற் புல் வளர்ப்போரும் கபிலத் திட்டுக்கு மருந்து கேட்கின்றனர். அங்கும் முதலில் ஐயுற வேண்டியது கிணற்று நீரையே. நடுவிற் காய்ந்து சுற்றிலும் கரும்பச்சையாய்ச் செழித்த சிறு வட்டம் நாய், மாடு, அல்லது தீவில் உலாவும் கழுதை சிறுநீர் கழித்த இடம். அதிலுள்ள நைதரசன் நடுவிற் சுடுகின்றது, ஓரத்திற் பசளையாகின்றது. அவ்விடத்தில் இரண்டு வாளி நீர் ஊற்றினாற் போதும். புல்லை வட்டமாய் அழிக்கும் பங்கசு ஒன்றும் உண்டு. அதன் இனத்தைச் சேர்ந்ததே நெல்லில் இலைமடல் வெளிறலை உண்டாக்குகின்றது.

அந்நோயை நெல்லில் அறிவது எளிது. நீர்மட்டத்துக்கு மேலே மடலில், நடு சாம்பலாகவும் ஓரம் கபிலமாகவும் நீள்வட்டப் புள்ளிகள் தோன்றி மேலேறும். தூரைத் தட்டினால் பூச்சி விழாது. நெருக்க விதைப்பும் மிகை யூரியாவும் இதற்கும் துணை. அவற்றைக் குறைத்தாற் பெரும்பாலும் அடங்கும். விதைத்து இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் இளம்பயிரின் இலைகளில் துருப்போன்ற புள்ளிகள் விழுந்து வளர்ச்சி தடைப்பட்டால், சுண்ணாம்பு மிகுந்த களிநிலத்தில் நாகக் குறைபாடு காரணமாகலாம். மண்ணைச் சோதிப்பித்தபின் நாகச் சல்பேற்று இடுக. வேறு மருந்து தேவையில்லை.

காரணம் துணியமுடியாதவிடத்துக் கமநல சேவை நிலையத்துக்கோ விவசாயப் போதனாசிரியர் அலுவலகத்துக்கோ வருவோர் வெறுங்கையுடன் வராதிருத்தல் வேண்டும். திட்டின் ஓரத்திலிருந்து வேரும் மண்ணும் நீங்காது பிடுங்கிய தூர் இரண்டு, நலமாயுள்ள இடத்துத் தூர் ஒன்று, இரண்டிடத்தும் ஆறங்குல ஆழத்தில் எடுத்த மண் ஒவ்வொரு சிரட்டை, பாய்ச்சும் நீர் ஒரு போத்தல் ஆகியவற்றைக் கொண்டுவருக. விதைத்த நாள், இனம், இட்ட பசளையின் அளவு, தெளித்த மருந்தின் பெயர், திட்டு முதலிற் கண்ட நாள் ஆகியவற்றை ஒரு தாளிற் குறித்துக்கொள்க. மருந்தின் பெயர் நினைவில்லாவிடின் வெறும் போத்தலின் மேலொட்டியைக் கிழித்து வந்தாற் போதும். போத்தலை வாய்க்காலில் எறிந்துவிடாதீர்கள்.